ஆங்கிலம் கற்பித்தலுக்கான இணையவழிக் கருவிகள்: வங்காளத்துச் சொற்பட்டியல் முதல் இன்றைய தரவகங்கள் வரை

1. முன்னுரை

ஆங்கிலம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன்படும் கருவிகள் இன்று இணையத்தில் பல்கிக் கிடக்கின்றன. அகராதிகள், சொற்பட்டியல்கள், மொழித்தரவகங்கள், ஒலிப்புத் தளங்கள், இலக்கணத் திருத்திகள் என இவை பலவகைப்படும். இவற்றை முழுமையாகத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு வகைக் கருவியும் எந்த வினாவுக்கு விடை தர ஆக்கப்பட்டது, அவ்வினா இந்திய வகுப்பறையில் எழும் வினாவோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை ஆராய்வதே நோக்கமாகும்.

ஆய்வுக்குரிய களமாகத் தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதி கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவதாக, 1908இல் தோன்றிய டேவிட் ஹேர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் அமைந்துள்ளது. ஆகவே ஆசிரியப் பயிற்சியோடு நீண்ட தொடர்புடைய பகுதி இது. இரண்டாவதாக, அண்மையிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரம் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடமாதலின், வங்காளியும் தமிழும் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஆங்கிலம் பயிலும் நிலை இங்கு இயல்பானது. மூன்றாவது காரணம் வரலாறு சார்ந்தது. மேற்கு வங்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1980களின் தொடக்கத்தில் ஆங்கிலம் விலக்கப்பட்டது. மொழியியலறிஞர் பவித்ர சர்க்கார் தலைமையில் 1998இல் அமைந்த குழுவின் பரிந்துரைகளுக்குப் பின்னர் அது படிப்படியாக மீண்டும் நுழைந்து, 2004இல் முதல் வகுப்பு வரை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் பயின்றோருள் பலர் இன்று ஆசிரியர்கள். தாம் ஆறாம் வகுப்பில் தொடங்கிய மொழியை முதல் வகுப்புக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய நிலையில் அவர்கள் உள்ளனர். ஐயம் எழும்போது இணையக் கருவியின் தீர்ப்பையே அவர்கள் இறுதியாகக் கொள்ள நேர்கிறது. அத்தீர்ப்பு மாணவனின் விடைத்தாளில் மதிப்பெண்ணாக மாறுகிறது. எனவே கருவியின் எல்லைகளை அறிவது கற்பிப்போரின் கடமையாகிறது.

2. சொற்பட்டியல்களும் அவற்றின் வங்காள வேரும்

பாடப்பகுதி ஒன்று மாணவர்க்கு எளியதா, அரியதா என்று அறிய உதவும் கருவிகள் முதல் வகையைச் சார்ந்தவை. கனடாவின் கியூபெக் பல்கலைக்கழக மான்ட்ரியல் வளாகத்தைச் சேர்ந்த டாம் காப் உருவாக்கிய 'லெக்ஸ்டியூட்டர்' தளம் இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. ஆசிரியர் ஒரு பாடத்தை இதில் உள்ளிட்டால், அதன் சொற்கள் நான்கு பிரிவுகளாக நிறம் பிரித்துக் காட்டப்படும்: மிகப் பயிலும் முதல் ஆயிரம் சொற்கள், இரண்டாவது ஆயிரம் சொற்கள், கல்விசார் சொற்கள், பட்டியலில் இல்லாத சொற்கள். இவற்றுள் கல்விசார் சொற்பட்டியல் நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறை நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட 570 சொற்குடும்பங்களைக் கொண்டது.

முதல் இரண்டு பிரிவுகளுக்கு அடிப்படையாக அமைந்தது மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல். சுமார் 2000 தலைச்சொற்களைக் கொண்ட இப்பட்டியலின் வேர் வங்காளத்தில் உள்ளது என்பது இன்று இக்கருவியைப் பயன்படுத்துவோர் பலரும் அறியாத செய்தி. இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்த வெஸ்ட், வங்காள மாணவர்களின் இருமொழிநிலை குறித்த தம் ஆய்வை 1926இல் வெளியிட்டார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு விலகும் மாணவனுக்கு எஞ்சி நிற்கக்கூடிய பயன் எது என்பதே அவர் எழுப்பிய அடிப்படை வினா. படிக்கும் திறனே அத்தகைய பயன் என்று அவர் முடிவு செய்தார். அக்காலப் பாடநூல்களில் புதுச்சொற்கள் அடுத்தடுத்து வந்து குவிந்தன. ஒரு சொல் மனத்தில் நிலைபெறுமுன் அடுத்த சொல் வந்து அதனை அகற்றியது. புதுச்சொற்களின் செறிவைக் குறைத்து, அருகிய சொற்களுக்கு மாற்றாகப் பயில்வழக்குச் சொற்களை அமைத்து அவர் வாசகங்களை உருவாக்கினார். 1934இல் நியூயார்க்கில் கூடிய கார்னகி மாநாடும், 1936இல் வெளிவந்த அதன் இடைக்கால அறிக்கையும் இம்முயற்சியின் அடுத்த படிகள். 1953ஆம் ஆண்டுப் பட்டியல் அவற்றின் முதிர்ந்த வடிவம் எனலாம்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வெஸ்ட் தம் பட்டியலில் சொல்லின் நிகழ்வெண்ணை மட்டும் தரவில்லை. ஒரு சொல்லின் வெவ்வேறு பொருள்கள் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வருகின்றன என்பதையும் குறித்தார். இணையக் கருவிகளோ வடிவத்தை மட்டுமே எண்ணுகின்றன. பொருட்பகுப்பு கணிப்பொறிக்கு மாறும்போது கைவிடப்பட்டது. இதன் விளைவு வகுப்பறையில் தெளிவாகத் தெரியும். 'புட் அப் வித்' என்னும் தொடரின் மூன்று சொற்களும் முதல் ஆயிரத்தைச் சார்ந்தவை; எனவே கருவி இத்தொடரை எளியதெனக் காட்டும். பொறுத்துக்கொள்ளுதல் என்னும் அதன் பொருளோ மூன்று சொற்களையும் தனித்தனியே அறிந்த மாணவனுக்கும் விளங்காது. மறுபுறம் 'டிபன்', 'லட்சம்', 'பஞ்சாயத்து' என்பவற்றின் ஆங்கில வடிவங்கள் பட்டியலில் இல்லாதவை என்று சிவப்பு நிறத்தில் வரும். பாலிகஞ்ச் மாணவனுக்கு இவற்றைவிட எளிய சொற்கள் இல்லை.

தாய்மொழியில் கலந்த ஆங்கிலச் சொற்கள் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. 'கரண்ட்' என்னும் சொல்லைத் தமிழ் மாணவன் மின்சாரம் என்ற பொருளில் பள்ளிக்கு வருமுன்னரே அறிவான். நிகழ்காலத்துக்குரிய என்னும் பொருளில் அதே சொல் 'கரண்ட் அஃபேர்ஸ்' எனும் தொடரில் வரும்போது, அறிந்த சொல்லே தடையாகிறது. சொற்பட்டியல் ஒரு சொல்லின் அருமையை அளக்கிறது. கற்பவனுக்கு அச்சொல் தரும் கடினத்தை அளப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே ஆசிரியர்களிடம் காணப்படும் முதற்குழப்பம்.

பட்டியலின் காலமும் கவனிக்கத்தக்கது. 1953ஆம் ஆண்டுப் பட்டியலில் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லுக்கு இடமில்லை. இக்குறையை நீக்கப் புதிய பொதுப்பயன் பட்டியல்கள் 2013இல் வெளிவந்தன. பால் நேஷன் பிரிட்டிஷ், அமெரிக்கத் தரவகங்களைக் கொண்டு ஆயிரம் ஆயிரமாக அடுக்கிய சொற்குடும்பப் பட்டியல்களும் லெக்ஸ்டியூட்டரில் உள்ளன. ஓர் எழுத்துரையில் 98 விழுக்காட்டுச் சொற்களை அறிந்து துணையின்றிப் படிக்க 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்பது 2006இல் நேஷன் வெளியிட்ட கணிப்பு. பள்ளி இறுதியில் நிற்கும் மாணவனுக்கும் உயர்கல்விப் பாடநூலுக்கும் இடையிலுள்ள தொலைவை மதிப்பிட இக்கணிப்பு உதவும்.

3. தரவகங்களும் சூழலடைவும்

ஒரு சொல் எந்தச் சூழலில், எச்சொற்களோடு இணைந்து வருகிறது என்பதைக் காட்டுவன இரண்டாம் வகைக் கருவிகள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1964இல் நிறைவுற்ற பத்து இலட்சம் சொல் தரவகம் இத்துறையின் தொடக்கம். பர்மிங்காமில் ஜான் சிங்க்ளேர் தலைமையில் நிகழ்ந்த பணி 1987இல் கோபில்ட் அகராதியாக மலர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தின் டிம் ஜான்ஸ், மாணவர்களே சூழலடைவு வரிகளைப் பார்த்து விதியைக் கண்டறியும் முறையை வகுத்துத் தரவுவழிக் கற்றல் என்று பெயரிட்டார். 1994இல் நிறைவுற்ற பிரிட்டிஷ் தேசியத் தரவகம் பத்துக் கோடிச் சொற்களைக் கொண்டது. மார்க் டேவிஸ் 2008இல் இணையத்தில் வெளியிட்ட சமகால அமெரிக்க ஆங்கிலத் தரவகம் இன்று நூறு கோடிச் சொற்களைக் கடந்துள்ளது. பேச்சு, புனைவு, இதழ், நாளிதழ், கல்வி எனப் பகுதி பகுதியாகத் தேட இது இடந்தருகிறது. பதிவு செய்துகொண்டு கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்; எனினும் ஒரு நாளில் கேட்கத்தக்க வினாக்களுக்கு வரம்பு உண்டு.

ஆடம் கில்காரிஃப் தொடங்கிய 'ஸ்கெட்ச் எஞ்சின்' ஒரு சொல்லின் இணைவுகளை இலக்கண உறவு வாரியாகத் தொகுத்துத் தருவது. அதன் எளிய வடிவமான 'ஸ்கெல்' கற்போர்க்கென 2014இல் ஆக்கப்பட்டது, பதிவு தேவையில்லை, ஒரு சொல்லுக்கு நாற்பது எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரை தரும். இணைய இணைப்பு உறுதியற்ற பள்ளிகளுக்கு, ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆண்டனி ஆக்கிய 'ஆண்ட்கான்க்' மிகவும் ஏற்றது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைப்பின்றி இயங்கும். ஆசிரியர் தம் மாணவர்களின் கட்டுரைகளையே இதில் உள்ளிட்டு ஆராயலாம். கட்டணம் இல்லை.

தரவகத்தின் விடை தேர்ந்தெடுத்த தரவைப் பொறுத்தது. 'டிஸ்கஸ் அபௌட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ், அமெரிக்கத் தரவகங்களில் இது வினைத்தொடராக அருகியே வரும். ஆகவே பிழையெனத் தள்ளப்படும். 2013இல் மார்க் டேவிஸ் வெளியிட்ட உலகளாவிய இணைய ஆங்கிலத் தரவகம் 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடிச் சொற்களைக் கொண்டது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் இதில் உண்டு. இங்குத் தேடினால் அத்தொடர் இந்தியாவில் மட்டுமன்றி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் வழங்குவது புலப்படும். இதற்கு விளக்கம் தாய்மொழி அமைப்பில் உள்ளது. தமிழில் 'பற்றி', வங்காளியில் 'நியே' என்னும் பின்னுருபு போன்ற சொற்கள் இவ்வினையோடு இயல்பாக வருகின்றன. ஆங்கிலத்திலோ இவ்வினை செயப்படுபொருளை நேரே ஏற்கிறது.

இனி ஆசிரியர் செய்ய வேண்டுவது யாது? பள்ளித் தேர்விலும் உயர்கல்வி எழுத்திலும் அத்தொடர் ஏற்கப்படாது என்பதைக் கூறவேண்டும். அதே வேளையில் அது மாணவனின் அறியாமையால் விளைந்ததன்று, இரு மொழியமைப்பின் வேறுபாட்டால் விளைந்தது என்பதையும் விளக்கவேண்டும். 'பிரிபோன்' என்னும் சொல்லோ வேறு நிலையது. இந்திய ஆங்கிலத்தில் பெருவழக்காக இருந்து ஆக்ஸ்போர்டு அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்ட அச்சொல்லைப் பிழையென அடிப்பது தகாது. பிழை என்பது வேறு. வட்டார வழக்கு என்பது வேறு. இவ்வேறுபாட்டைக் காணத் துணைபுரிவது ஒரு நாட்டுத் தரவகமன்று. பல நாடுகளை ஒப்பிடும் தரவகமே.

இந்திய ஆங்கிலத்துக்கெனத் தனித் தரவகம் புதியதன்று. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி, 1978இல் அச்சான நூல்களையும் இதழ்களையும் கொண்டு பத்து இலட்சம் சொற்களில் கோலாப்பூர்த் தரவகத்தை உருவாக்கினார். 500 பகுதிகள், பகுதிக்கு 2000 சொற்கள் என்னும் பிரவுன் தரவகத்தின் அமைப்பையே இது பின்பற்றியது. எனவே இரண்டையும் நேர்நிறுத்தி ஒப்பிடலாம்.

4. ஒலிப்புக் கருவிகள்

'ஃபார்வோ' தளத்தில் ஒரு சொல்லைப் பல நாட்டவர் ஒலித்த பதிவுகள் உள்ளன. 'யூகிளிஷ்' தளம் காணொளி உரைகளில் அச்சொல் வரும் இடத்தை எடுத்துக் காட்டுகிறது. கேட்டுப் பழக இவை பெரிதும் பயன்படும். ஆயினும் எதனைக் கேட்க வேண்டும் என்பதை இவை கூறா. அதனை உறழ்மொழியியலே கூறும்.

வங்காளியில் உயிரொலியின் நெடில், குறில் வேறுபாடு பொருள் வேறுபாடு தருவதில்லை. ஆகவே கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்னும் இணையை வேறுபடுத்துவது வங்காளி மாணவனுக்குக் கடினம். குறில் நெடில் வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே கொண்ட தமிழ் மாணவன் இதனை எளிதில் பற்றிக்கொள்வான். முதுகைக் குறிக்கும் சொல்லுக்கும் பையைக் குறிக்கும் சொல்லுக்கும் இறுதி மெய்யில் உள்ள ஒலிப்பிலா, ஒலிப்புடை வேறுபாடு வங்காளிக்கு இயல்பானது. தமிழனுக்கோ இடர் தருவது. தமிழ் எழுத்தில் இரண்டும் 'பேக்' என்றே எழுதப்படுவது இவ்விடரைத் தெளிவாக்கும். வாக்கைக் குறிக்கும் 'வோட்' வங்காளியில் மூச்சொலி கலந்த இதழொலியோடு 'பொட்' போல ஒலிக்கும். தமிழில் வகரமாகவே நிற்கும்.

எனவே ஒரே வகுப்பிலுள்ள இருவர்க்கும் ஒரே ஒலிப்பயிற்சியைத் தருவது ஒருவர்க்கு வீண், மற்றவர்க்குப் போதாது. பாலிகஞ்சில் வாழ்ந்த சுநீதி குமார் சட்டர்ஜி 1928இல் வெளியிட்ட வங்காளி ஒலியியல் வாசகம் போன்ற விளக்கநூல்கள் இன்றும் இத்தேவையை நிறைவு செய்கின்றன. தளம் ஒலியைத் தரும்; பயிற்சிக்குரிய இணைகளைத் தெரிவது மொழியியல் அறிவே.

5. இருமொழி மூலங்களும் மொழிபெயர்ப்பாளரும்

ஆங்கிலக் கற்பித்தல் தளங்களுள் பெரும்பாலானவை ஒருமொழித் தளங்கள். கற்பவனின் தாய்மொழியை அவை கருதுவதில்லை. இருமொழிநிலையிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்கிய வெஸ்டின் வழித்தோன்றல்களான கருவிகள் இவ்வாறு அமைந்தது வியப்புக்குரியது. இக்குறையை ஓரளவு நீக்கும் மூலங்கள் வேறிடத்தில் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வின்ஸ்லோ, ஃபப்ரீசியஸ் அகராதிகளும் வங்காளிக்குச் சம்சத் அகராதியும் தேடத்தக்க வடிவில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் அகராதிகள் பல உள்ளன.

இணைத்தரவகங்கள் மொழிபெயர்ப்பாளர்க்கு மேலும் நெருக்கமானவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் குழு 2021இல் வெளியிட்ட 'சமானந்தர்', தமிழும் வங்காளியும் உள்ளிட்ட 11 இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 4.97 கோடி வாக்கிய இணைகளைக் கொண்டது. ஆனால் இவற்றுள் மிகப் பெரும்பகுதி இணையத்திலிருந்து கணிப்பொறி வழியே பொருத்தி எடுக்கப்பட்டவை. பயன்படுத்துவோர் இணையின் இரு பக்கத்தையும் தாமே படித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

2011இல் தமிழையும் வங்காளியையும் ஏற்ற கூகுள் மொழிபெயர்ப்பியும், 2022இன் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய உரையாடு நிரல்களும் வேறொரு வகையைச் சார்ந்தவை. சூழலடைவு சான்றை முன்வைத்து முடிவை நம்மிடம் விடுகிறது. இவை முடிவைத் தருகின்றன, அம்முடிவுக்குரிய சான்றை உடன் வைப்பதில்லை. சான்று வேண்டுமென்று கேட்டாலும், தரப்படும் மேற்கோள் உண்மையில் வழங்கியதுதானா என்பதைத் தரவகத்தில் தேடியே உறுதி செய்ய வேண்டும். ஆகவே இவற்றைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

6. வகுப்பறைக்கான ஒரு வரிசைமுறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து ஆசிரியர்க்கு ஒரு வரிசைமுறையைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, பாடப்பகுதியைச் சொற்பட்டியல் கருவியில் இட்டு நிறம் பிரித்துக்கொள்க. சிவப்பில் வந்தவற்றுள் மாணவர் அறிந்த இந்தியச் சொற்களை நீக்குக. எளியவை எனக் காட்டப்பட்டவற்றுள் மரபுத்தொடர்களையும் பல்பொருட் சொற்களையும் கையால் குறித்துச் சேர்க்க.

இரண்டாவதாக, அவ்வாறு தேர்ந்த சொற்களுள் ஐந்துக்கு மிகாமல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துச் சூழலடைவு வரிகளைத் தேர்ந்து தாளில் அச்சிட்டு வழங்குக. கணிப்பொறி ஒன்றே உள்ள பள்ளியிலும் இது இயலும். விதியை ஆசிரியர் கூறாமல் மாணவரே கண்டுரைக்க விடுக.

மூன்றாவதாக, பிழையெனத் தோன்றும் தொடரைப் பல நாட்டுத் தரவகத்தில் ஒப்பிட்டு, அது கற்போர் பிழையா இந்திய வழக்கா எனப் பகுத்தபின் சிவப்பு மையைப் பயன்படுத்துக.

நான்காவதாக, அதே கருத்தைத் தாய்மொழியில் எவ்வாறு கூறுவர் என்று மாணவரைக் கேட்டுப் பலகையில் அருகருகே எழுதுக. வங்காளியில் 'பொய்டா' என்பதில் வரும் 'டா' விகுதி குறிப்பிட்ட நூலைச் சுட்டும். தமிழில் 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்பவற்றுள் இரண்டாம் வேற்றுமை உருபு ஏறத்தாழ அதே பணியைச் செய்யும். இவ்விரண்டையும் கண்ட மாணவர்க்கு ஆங்கிலத்தின் 'தி' முற்றிலும் அயலான கருத்தாகத் தோன்றாது.

7. நிறைவுரை

இக்கருவிகள் அனைத்தையும் நோக்கும்போது ஒரு வெற்றிடம் தெரிகிறது. கற்போர் ஆங்கிலத்துக்கென பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராஞ்சே உருவாக்கிய பன்னாட்டுத் தரவகத்தின் முதற்பதிப்பு 2002இல் வந்தபோது அதில் இடம்பெற்ற 11 தாய்மொழிகளும் ஐரோப்பிய மொழிகளே. 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் தாய்மொழிகள் 16 ஆயின. சீனமும் ஜப்பானியமும் துருக்கியமும் சேர்ந்தன. தமிழும் வங்காளியும் சேரவில்லை. கோலாப்பூர்த் தரவகம் தேர்ந்த எழுத்தாளர்களின் அச்செழுத்தைக் காட்டுவது. பள்ளி மாணவனின் எழுத்தை அன்று. உலகளாவிய இணையத் தரவகத்தில் பெரும்பகுதி வலைப்பூக்கள். நம் மாணவன் எழுதும் ஆங்கிலத்தை அம்மாணவனின் தாய்மொழியோடு சேர்த்துப் பதிவு செய்த, பலரும் அணுகத்தக்க பெருந்தரவகம் இன்றியமையாத தேவையாகும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பயில்வோர் தம் கற்பித்தல் பயிற்சியின்போது திருத்தும் கட்டுரைகளைப் பெயர் நீக்கி, வகுப்பு, தாய்மொழி, பயிற்றுமொழி ஆகிய குறிப்புகளோடு தட்டச்சு செய்து சேமித்தால் சில ஆண்டுகளில் அத்தரவகம் உருவாகும். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இந்திய மொழித் தரவுகளைத் திரட்டிப் பகிர்வதில் பெற்ற பட்டறிவு இதற்கு வழிகாட்டக்கூடியது. நூறாண்டுகளுக்கு முன் வங்காள மாணவனின் தேவையை அளந்ததிலிருந்து உலகம் பயன்கொள்ளும் ஒரு சொற்பட்டியல் பிறந்தது. இன்றைய மாணவனின் எழுத்தையும் அவ்வாறு அளந்தறியும் பணி நம் முன் நிற்கிறது.